லேஸ் தானாகத்தான் அவிழ்ந்தது

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகன் வீட்டின் முன்னறையில் குடியிருக்கும் உங்கள் சம்பந்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் மகனின் முதுகும் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்தையும், சம்பந்தி அம்மாளின் முழங்கால் சௌக்கியத்தையும், போன தடவை பேசும்போது அடைத்துக்கொண்டிருந்த உங்கள் இடது காதின் சௌக்கியத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலையில் உங்கள் மருமகள் உங்களுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். (அவள் நல்லது செய்தால் என் மகள். இந்த மாதிரி செய்தால் உங்கள் மருமகள்.) அந்தப் படத்தில் உங்கள் மகன் வாசலில் என் காலடியில் குனிந்திருக்கிறார். நான் விறைப்பாக நின்றுகொண்டு, எதையோ சாதித்துவிட்டவன் மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு நீங்கள் "படம் பார்த்தேன்" என்று இரண்டே வார்த்தையில் பதில் போட்டிருக்கிறீர்கள். லைசென்ஸ் வாங்க வந்தவர்களை வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து சோதித்து, ஒன்றுமே பேசாமல் ஃபெயில் போட்டே ரிட்டயரானவர் நீங்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? "மாமா சந்தோஷமாத்தான்பா போட்டிருப்பாரு" என்கிறாள் இவள். "சந்தோஷம்னா ஒரு ஆச்சரியக்குறியாவது இருக்காதா?" என்று கேட்டேன்.

ஆகையால், மாப்பிள்ளையைக் காலில் விழவைத்த மாமனார் என்று உங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வாயில் நான் விழுவதற்கு முன்னால், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் ஷூ லேஸ் தானாகத்தான் அவிழ்ந்தது.

உங்கள் மகனுக்கு முதுகுவலி என்பது உங்களுக்குத் தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. உங்களிடம் போனில் "கொஞ்சம் பிடிப்புப்பா" என்று சொல்லிவிட்டு, அந்தப் போனை மேசையில் வைக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடிப்பார். பிசியோ, மாத்திரை, ஊசி, பெல்ட் எல்லாம் பார்த்தாயிற்று. அவருடைய தொழில் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஷூக்கடையில் குழந்தைகள் பிரிவு. நாள் முழுக்க முட்டிபோட்டு, குனிந்து, உதைக்கிற பிள்ளையின் பாதத்தைக் கையில் வாங்கி, கட்டைவிரல் எங்கே முடிகிறது என்று அழுத்திப் பார்க்க வேண்டும். பிள்ளை நடந்து வருவதைப் பார்த்தே அளவு சொல்லிவிடுகிற மனுஷன். அவரை முதலாளி இரக்கப்பட்டு பில் போடுகிற இடத்தில் உட்கார வைத்தார். அங்கிருந்து, மற்றவர்கள் சின்ன ஷூவில் பெரிய காலைத் திணிப்பதைப் பார்த்துப் பார்த்து, முதுகைவிட மனசு அதிகமாக வலித்துப்போய் வீட்டுக்கு வருவார்.

இதில் இன்னொரு சங்கடம். அந்தக் கடையில் வேலை செய்கிறவர்கள் லேஸ் கட்டுகிற ஷூதான் போட வேண்டும் என்பது சட்டம். ஊருக்கெல்லாம் ஷூ போட்டுவிடுகிறவருக்குத் தன் ஷூ லேஸைக் கட்டக் குனிய முடியவில்லை. என் மகள் ஆஸ்பத்திரி லேபில் வேலை. விடிந்ததும் கிளம்பிவிடுவாள். மிச்சம் யார்? நான்தான். ஒருநாள் அவர் லேஸைத் தொங்கவிட்டுக்கொண்டே கதவைத் திறப்பதைப் பார்த்துவிட்டு, தடுக்கி விழுந்தால் என்ன ஆவது என்று நானே போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். மனுஷன் துடித்துப்போய்விட்டார்.

"ஐயோ, வேணாம் மாமா! எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு."

"உங்கப்பாவுக்கு யாரு சொல்லப் போறா? காலைக் காட்டுங்க மாப்பிள்ளை."

யார் சொல்லப் போகிறார்கள் என்றேன். இதோ, நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சம்பந்தி, ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலுமாக ஏறக்குறைய இரண்டு வருஷம், காலைதோறும் நான் உங்கள் மகன் காலடியில் உட்கார்ந்து லேஸ் கட்டினேன். முதலில் அவர் வெட்கத்தில் கூரையைப் பார்ப்பார். அப்புறம் பேச ஆரம்பித்தார். கடைக்கு வந்த பிள்ளைகளைப் பற்றி, முதலாளியின் விக் பற்றி, உங்களிடம் கார் ஓட்டப் பழகினபோது நீங்கள் கத்தினது பற்றி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரும் நானும் பேசிக்கொண்ட பேச்செல்லாம் அந்த இரண்டு முடிச்சுக்குள் அடங்கிவிடும்.

பிறகு முதல் டாக்டரிடம் போனோம். வயசானவர், நிதானமானவர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இடுப்புப் பக்கத்தில் இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கிற வட்டு தேய்ந்து சப்பையாகிவிட்டது. "அந்த ரெண்டு எலும்பையும் ஸ்க்ரூ போட்டு, கம்பி வெச்சு, ஒண்ணாச் சேர்த்துடலாம். அங்க அசைவு இருக்காது. அசைவு இல்லன்னா அந்த வலியும் பெரும்பாலும் இருக்காது" என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நாற்பது வருஷம் நான் செய்த தொழில் அதுதானே! ஆடுகிற கேட், ஆடுகிற கட்டில், ஆடுகிற மாடிப்படிக் கைப்பிடி என்று ஆடிக்கொண்டு வந்த எதுவும் என் வெல்டிங் பட்டறையிலிருந்து ஆடிக்கொண்டு திரும்பிப் போனதில்லை. "என்ன ராடு போடுறீங்க சார்?" என்று ஆர்வமாகக் கேட்டேன். டாக்டர் என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

அப்புறம் உங்கள் மகன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முன்ன மாதிரி குனிய முடியுமா டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓரளவு குனியலாம். பழகிடும். ஆனா நாள் பூரா குனிஞ்சு நிமிர்ற வேலைன்னு சொல்றீங்க. வயசும் கம்மி. அசைவை விட்டுவைக்கிற ஆபரேஷன் ஒண்ணு இருக்கு. உங்களுக்கு ஒத்துவருமான்னு சோதிச்சுத்தான் சொல்ல முடியும். நான் அதைப் பண்றதில்ல. பண்றவங்ககிட்ட அனுப்பட்டுமா?" என்றார். வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மகளும் மாப்பிள்ளையும் சரி என்றுவிட்டார்கள்.

இரண்டாவது டாக்டர் ஓர் அம்மா. என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். மேசைமேல் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இழுப்பறையிலிருந்து ஒரு சின்னச் சாமானை எடுத்து என் கையில் கொடுத்தார். மேலே ஒரு உலோகத் தட்டு, கீழே ஒரு உலோகத் தட்டு, நடுவில் பிளாஸ்டிக் மெத்தை. தேய்ந்த வட்டை எடுத்துவிட்டு இதை வைப்பார்களாம். நான் விரலால் அமுக்கிப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஆடுதே அம்மா!"

"ஆடத்தான் சார் வேணும்."

"புதுச் சாமானே ஆடினா?"

"சார், முதுகுன்னா அப்படித்தான்" என்று சிரித்தார். சிரிக்கிற விஷயமா இது? அதோடு விட்டாரா? இதை முதுகுப் பக்கமாக வைக்க மாட்டார்களாம். முன்பக்கம், அடிவயிற்றைத் திறந்து, குடலையும் பெரிய ரத்தக்குழாய்களையும் பதமாக ஒதுக்கிவிட்டு, அந்த வழியாகப் போய் வைப்பார்களாம். முதுகில் வலி என்று வந்த பிள்ளைக்கு வயிற்றைத் திறப்பதா? "பின்வாசல் ரிப்பேருக்கு முன்வாசலை இடிக்கிறீங்களே" என்று கேட்டும்விட்டேன். உங்கள் மருமகள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

அந்த அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. பிளாஸ்டிக் எலும்பைக் கையில் எடுத்து, ஓர் இடத்தில் இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வளைத்துக் காட்டினார். "இங்க இறுக்கிட்டா, குனியும்போது இந்தப் பாரம் மேல இருக்கிற மூட்டுக்குப் போகும். வயசானவங்களுக்குப் பரவாயில்ல. இவருக்கு இன்னும் நாப்பது, அம்பது வருஷம் இருக்கு. அதனாலதான் யோசிக்கிறோம். ஆனா எல்லாருக்கும் இதை வைக்க முடியாது. பின்னாடி இருக்கிற சின்ன மூட்டெல்லாம் நல்லா இருக்கணும், எலும்பு கெட்டியா இருக்கணும், தேய்மானம் ஓரிடத்துல மட்டும் இருக்கணும். எல்லாம் சரியா இருந்தாலும் வலி முழுசாப் போயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

பாரம் அடுத்த மூட்டுக்குப் போகும் என்று அவர் சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் அது உண்மை. ஒரு கேட்டின் கீலை இறுக்கிப் பற்றவைத்துக் கொடுத்தால், அதே ஆள் ஆறு மாசத்தில் அதே கேட்டோடு வருவார், அடுத்த கீல் விண்டுபோய். எனக்கு இது தெரியாமலில்லை. தெரிந்திருந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது.

சோதனையெல்லாம் வைத்தார்கள். உங்கள் மகன் எல்லாவற்றிலும் பாஸ். உங்களிடம் லைசென்ஸ் பரீட்சைக்கு வந்திருந்தால்கூட அவ்வளவு சுலபமாகப் பாஸாகியிருக்க மாட்டார். வீட்டுக்கு வந்தும் நான் விடவில்லை. மறுநாள் காலையில் லேஸ் கட்டும்போது, ஆடாததே உத்தமம் மாப்பிள்ளை, யோசியுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் அன்றைக்குக் கூரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "வலி போனாப் போதும்னா முதல் டாக்டரே போதும் மாமா. எனக்குக் குனியணும்" என்றார். நான் முடிச்சைக் கொஞ்சம் அதிகமாக இறுக்கிவிட்டேன். அன்று முழுக்கக் கால் வலித்ததாக அப்புறம் சொன்னார்.

ஆபரேஷன் சமயத்தில் சம்பந்தி அம்மாளுக்கு முழங்கால் வீங்கி நீங்கள் வர முடியாமல் போனதில் உங்களுக்கு எவ்வளவு வருத்தம் என்று எனக்குத் தெரியும். நான் மட்டும் என்ன, ஆஸ்பத்திரியிலா இருந்தேன்? கூட ஒருத்தருக்கு மேல் விடமாட்டார்கள், அப்பா வந்தால் கேள்வி கேட்பார் என்று சொல்லி என் மகள் என்னை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். போகும்போது, "வீட்டைப் பாத்துக்கோங்கப்பா" என்றாள். இனி நான் சொல்லப்போவதைப் பற்றி அவள் உங்களிடம் போனில் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியும் உண்மைதான். சொன்ன விதம்தான் சரியில்லை.

எனக்குக் கையும் காலும் ஓடவில்லை சம்பந்தி. அங்கே அந்தப் பிள்ளையின் வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறார்கள், இங்கே நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பயத்தில் சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். ஆபரேஷனாகி வருகிறவருக்கு அதிர்ச்சி ஆகாது, வீட்டில் எதுவும் ஆடக்கூடாது என்று தோன்றியது. பட்டறையை விற்றபோது விற்காமல் வைத்திருந்த வெல்டிங் மெஷினை எடுத்தேன். அவர் கணக்குப் பார்க்க உட்காருகிற சுழல் நாற்காலி இப்படியும் அப்படியும் சுற்றுகிறதல்லவா, அதைச் சுற்றாமல் பற்றவைத்தேன். மடக்கு மேசை மடங்கிவிடாமல் பற்றவைத்தேன். பக்கத்துச் சந்தில் துணி காயப்போடுகிற இரும்பு ஸ்டாண்டு காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது, அதையும் விரித்தபடியே பற்றவைத்தேன். வாசலுக்கு உள்ளே ஒரு கால்மேடை செய்து தரையில் போல்ட் போட்டு இறுக்கினேன். அவர் காலைத் தூக்கி அதில் வைத்தால் நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடி லேஸ் கட்டலாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மகள் போன் செய்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் போய், கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த கேட்டின் கீலையும் பற்றவைத்துவிட்டேன்.

அவர்கள் டாக்சியில் வந்து இறங்கிய அன்று கேட் திறக்கவில்லை. நான் அதுவரை சந்து வழியாகவே போய் வந்துகொண்டிருந்ததால் எனக்கு அது உறைக்கவில்லை. சரி, சந்து வழியாக வாருங்கள் என்றால், அங்கே துணி ஸ்டாண்டு விரித்தபடி நிற்கிறது. அது மடங்காது. ஏன் மடங்காது என்று உங்களுக்குத் தெரியும். நான் உடம்பை ஒடுக்கி நுழைந்துவிடுவேன், ஆனால் உடம்பைத் திருப்பவே கூடாது என்று சொல்லி அனுப்பப்பட்டவர் எப்படி நுழைவார்? என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் இரும்பு அறுக்கிற கிரைண்டரை எடுத்துக் கீலை அறுக்க ஆரம்பித்தேன். நானே சொல்லக்கூடாது, என் வெல்டிங் லேசில் அறுபடாது. வட்டுக் கல் தேய்ந்து இன்னொன்று மாற்றும் வரைக்கும் உங்கள் மகன் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு, கேட்டுக்கும் தெருமுனைக்குமாக மெல்ல நடந்துகொண்டிருந்தார். "பரவாயில்ல மாமா, தினமும் கொஞ்சம் நடக்கச் சொன்னாங்க" என்றார். சம்பந்தி, நீங்கள் பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்.

அடுத்தது பிசியோ பெண். வீட்டுக்கே வந்து பார்த்தாள். உங்கள் மகன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த தண்ணீரை எடுக்க உடம்பைத் திருப்பியதைப் பார்த்துவிட்டுப் பதறினாள். "நாற்காலி சுத்தணும் சார், இடுப்பு சுத்தக்கூடாது! இந்த நாற்காலிக்கு என்ன ஆச்சு?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அசடு வழிந்தது. அன்று சாயங்காலமே நாற்காலி, மேசை, ஸ்டாண்டு எல்லாவற்றையும் அறுத்துவிட்டேன். நாற்காலி இப்போது முன்னைவிட நன்றாகச் சுற்றுகிறது. கால்மேடையை மட்டும் விடவில்லை. குனியக் கூடாது என்று சொல்லியிருந்த காலம் முழுக்க அதுதான் உதவியது. லேஸ் ஷூ போட்டுக்கொண்டு தெருவில் நடக்கப் போவார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கட்டுவேன். அவர் பேசுவார். நாங்கள் இரண்டு பேரும் அதில் சௌகரியமாகத்தான் இருந்தோம்.

போன வாரம் அந்த டாக்டரம்மா மறுபடி படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குனியலாம், வேலைக்கும் போகலாம், பாரம் மட்டும் தூக்க வேண்டாம் என்றுவிட்டார். சாயங்காலங்களில் இன்னும் கொஞ்சம் இறுக்கம் இருக்கிறது என்கிறார் மாப்பிள்ளை. பழைய வலி இல்லை. முதலாளி குழந்தைகள் பிரிவுக்கே திரும்பி வரச் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை நான் வழக்கம்போல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தார். ஷூவை மாட்டினார். காலை மேடையில் வைக்கவில்லை. தரையிலேயே ஒரு முட்டியை மடக்கி, பிசியோ சொல்லிக்கொடுத்த மாதிரி மெல்லக் குனிந்து, தன் லேஸைத் தானே கட்டினார். இடது காலைக் கட்டினார், வலது காலைக் கட்டினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. உட்கார்ந்த ஸ்டூலில் எனக்கு இனி வேலை இல்லை என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததால் என்ன சொல்வதென்று தெரியாமல், "முடிச்சு கொஞ்சம் தளர்த்தியா இருக்கே மாப்பிள்ளை" என்றேன்.

"உங்க அளவுக்கு இறுக்கினா ரத்த ஓட்டம் நின்னுடும் மாமா" என்றார்.

அவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விடலாம் என்று நானும் ஷூ போட்டிருந்தேன். வாசலில் எழுந்து நின்றபோது பார்த்தால், என் வலது கால் லேஸ் அவிழ்ந்திருந்தது. தானாகத்தான். லேஸ் என்றால் அவிழத்தான் செய்யும், வயசான ஷூ வேறு. நான் கட்டிக்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். "நில்லுங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு உங்கள் மகன் என் காலடியில் குனிந்தார். கடையில் பிள்ளைகளுக்குச் செய்கிற மாதிரி, கட்டைவிரல் எங்கே முடிகிறது என்று அழுத்திப் பார்த்தார். "ஒரு அளவு சின்னதாப் போட்டிருக்கீங்க மாமா, இத்தனை நாளா எப்படி நடந்தீங்க?" என்றார். அந்த நேரம் பார்த்து உங்கள் மருமகள் படம் எடுத்தாள்.

படத்தில் நான் மேலே பார்த்துக்கொண்டிருப்பது கர்வத்தால் இல்லை சம்பந்தி. கீழே பார்த்திருந்தால் கண்ணீர் அவர் தலையில் விழுந்திருக்கும். லேபுக்கு லீவு போட்டுவிட்டுக் கதவருகே நின்ற என் மகளுக்கும் அதே நிலைமைதான், அதனால்தான் படம் கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது.

இதுதான் நடந்தது. இதில் உங்கள் மகனுக்கோ உங்கள் குடும்பத்துக்கோ மரியாதைக் குறைவு இருந்தால், நீங்கள் அடுத்த வாரம் வரும்போது நேரில் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். கேட் இப்போது திறக்கும். கடகடவென்று சத்தம் போடும், அப்படியே விட்டிருக்கிறேன். கால்மேடையில் உங்கள் மருமகள் குடையைச் சாத்திவைத்திருக்கிறாள். வெல்டிங் மெஷினை விற்றுவிடச் சொல்கிறாள், ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கங்கள். முழங்காலுக்கு எந்த வைத்தியமானாலும் இரண்டாவது டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லவும். உங்கள் வரவை எதிர்பார்த்து, முன்னறையில் உங்களுக்கும் இடம் ஒதுக்கிவைத்திருக்கும்,

உங்கள் அன்புச் சம்பந்தி

பின்குறிப்பு: வரும்போது செருப்பு வேண்டாம், லேஸ் வைத்த ஷூவே போட்டுக்கொண்டு வாருங்கள். நீங்கள் பெற்ற பிள்ளை குனிவதை நீங்களும் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டாமா? சரியான நேரத்தில் லேஸ் அவிழுமோ அவிழாதோ என்று கவலைப்பட வேண்டாம். மகளும் மாப்பிள்ளையும் அந்தப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து, இடது ஷூவின் நுனியால் வலது லேஸை மிதித்துக்கொண்டு மெல்லக் காலை இழுத்தால் போதும். எனக்கு இரண்டாவது தடவையிலேயே வந்துவிட்டது.